கப்பலுக்குப் போகும் பொடி

இந்தப் பையை உங்க காலுக்குப் பக்கத்துல வெச்சுக்கலாமாக்கா? மேல வைக்க முடியாது. போன தடவை குளத்தூர்த் திருப்பத்துல என் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் பாட்டில் உருண்டு, நேரா ஒரு வாத்தியார் மடியில விழுந்துச்சு. வெள்ளை வேட்டி. பாவம், அந்த மனுசன் திட்டக்கூட இல்ல, தூத்துக்குடி வரைக்கும் மடியைப் பாத்துக்கிட்டே வந்தாரு. சிரிங்க, சிரிங்க. நானும் அன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

வாசனை வருதா? மூணு கவர் போட்டு, அதுக்கு மேல என் மக பழைய பாவாடையைச் சுத்தியும் வருதுன்னா பாத்துக்கங்க. மசாலாப் பொடிதான். எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கொண்டு போறேன். அவுக கப்பல்ல சமையல் வேலை பாக்குறாக. இன்னைக்கு ரயிலேறி மெட்ராஸ் போயி அங்கேருந்து விமானம். காலையிலயே அவுகளும் அவுக அக்காவும் என் மகளும் தூத்துக்குடிக்குப் போயிட்டாக, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கணும்னு. பொடி இன்னும் ஆறலை, நான் பின்னாடி வாரேன்னு சொல்லிட்டேன். சூட்டோட கட்டினா வேர்த்துப் போயிரும்ல.

நீங்க எங்க இறங்கணும்? தருவைகுளமா? அப்ப முக்கால் மணி நேரம் இருக்கு. சொல்லலாம்.

ஜம்பலாயான்னு ஒரு சோறு கேட்டிருக்கீங்களாக்கா? கேட்டிருக்க மாட்டீங்க. நானும் போன வருசம் வரைக்கும் கேட்டதில்ல. அமெரிக்காவுல ஒரு பெரிய ஆத்து ஓரத்துல இவுக கப்பல் மக்காச்சோளம் ஏத்தப் போயிருக்கு. ஏத்தி முடிக்க நாளாகும்ல. கரையில கப்பல்காரங்களுக்குன்னே ஒரு மாதா கோயில் மண்டபம். அங்க ஒரு வயசான அம்மா பெரிய இரும்புச் சட்டியில ஒரே சோறா ஆக்கி வெச்சிருக்காக. அரிசி, இறால், கோழி, புகை போட்ட ஏதோ கறி, தக்காளி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதுதான் ஜம்பலாயா. இவுக மூணு தட்டு சாப்பிட்டாகளாம்.

அன்னையிலிருந்து பிடிச்சுது. வீடியோ கால்ல வந்தா பாதி நேரம் அந்தச் சோத்துப் பேச்சுதான். புள்ள எப்படி இருக்கான்னு கேப்பாக, மழை பெய்ஞ்சுதான்னு கேப்பாக, அப்புறம் ஜம்பலாயா. நானும் கேட்டுக் கேட்டு ஒரு நாள் சொன்னேன், "என்னங்க, ஊர்ல இல்லாத சோறு? நம்ம இறால் சோத்துல கோழியையும் போட்டுக் கிண்டினா அதுதானே?"

"இல்ல ரென்சி, அது வேற. உனக்கு வராது."

உனக்கு வராதுன்னு ஒரு வார்த்தை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. ஆனா நான் விடுவேனா?

அதுல எனக்கு இன்னொரு யோசனையும் இருந்துச்சுக்கா. கல்யாணமாகி ஆறு வருசம். அதுல அவுக என்கூட வீட்டுல இருந்ததை எல்லாம் சேத்தா ஒண்ணரை வருசம் தேறும். என் மக ஜோவிட்டா பொறந்த அன்னைக்கு எங்கேயோ நடுக்கடல்ல இருந்தாக. இப்ப அவ யூ.கே.ஜி. அப்பா படம் வரைன்னு டீச்சர் சொன்னா ஒரு செல்போனை வரைஞ்சு அதுக்குள்ள ஒரு மூஞ்சியை வரையுறா. அதைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மடிச்சு அரிசி டின்னுக்கு அடியில வெச்சுட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவை வந்தா திருப்பி அனுப்பக் கூடாதுன்னு.

எனக்கு அழுது காரியம் சாதிக்கிறது பிடிக்காது. சண்டை போட்டு நிறுத்துறதும் பிடிக்காது. சாப்பாட்டுல மயங்குற மனுசன் இவுக. கப்பல்ல போயி ருசிச்ச சோறு வீட்டு அடுப்புலயே கிடைச்சா எதுக்குக் கப்பல்? அப்படி நினைச்சேன். நாக்கைப் பிடிச்சு நிறுத்திரலாம்னு.

நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும்தான். ஆனா சயின்சுல நல்ல மார்க்கு. ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும், அப்பத்தான் எதனால எது ஆச்சுன்னு தெரியும்னு எங்க டீச்சர் சொல்லுவாக. அதையே பிடிச்சேன். வாரம் ஒரு நாள், சின்னச் சட்டி, ஒரு உழக்கு அரிசி.

முதல் தடவை பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டேன். கை தானா போயிருச்சு, என்ன செய்ய? ஜோவிட்டா தின்னுட்டு, "யம்மா, பிரியாணி சூப்பர்"ன்னா. போச்சா? பட்டையையும் கிராம்பையும் டப்பாவோட தூக்கி மேல வெச்சேன். சீரகச் சம்பா போட்டுப் பாத்தேன், அரிசி வாசனை மத்த எல்லாத்தையும் அமுக்கிருச்சு. நம்ம சாப்பாட்டுப் புழுங்கல் அரிசிதான் சரியா நின்னுச்சு. குழையவும் இல்ல, பகட்டும் இல்ல.

நிறத்துக்கு ஒரு மிளகாய், உறைப்புக்கு ஒரு மிளகாய். காஷ்மீர் மிளகாய் நிறம் கொடுத்துச்சு, நம்ம சாத்தூர் வத்தல் உறைப்புக் கொடுத்துச்சு. மிளகு கொஞ்சம் தாராளமா. பூண்டு பச்சையா அரைக்கக் கூடாது, வதக்கி அரைக்கணும். பிரிஞ்சி இலை ரெண்டு. வெங்காயம், குடைமிளகாய், அப்புறம் செலரின்னு ஒரு தண்டு போடுவாங்களாம். எங்க ஊர்ல செலரிக்கு எங்க போறது? கொத்தமல்லித் தண்டைப் பொடியா நறுக்கிப் போட்டேன். புகை போட்ட கறிக்கு உப்புக்கண்டம். ஆட்டுக்கறி உப்புக்கண்டத்தைத் தேங்காய்ச் சிரட்டைப் புகையில கொஞ்ச நேரம் காட்டி, அப்புறம் நறுக்கிப் போட்டா... அடடா! அக்கம்பக்கத்துல நாலு வீட்டுக் கதவு திறந்துச்சு. அரிசியைப் போடுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு சேப்பேன், அது கிடக்கட்டும்.

எல்லாம் சரியா வந்துச்சு. ஒண்ணு மட்டும் பிடிபடலை. அந்தச் சோத்துல ஒரு இலை வாசனை வருமாம். என்ன இலைங்கன்னா தெரியாதுங்கிறாக. "ஓமம் மாதிரி இருக்கும், ஆனா ஓமம் இல்ல. கொஞ்சம் கற்பூரம் மாதிரி. பச்சையா ஒரு வாசனை." சரின்னு ஓமத்தைப் போட்டேன். வயித்துவலிக் கஷாயத்துல சோறு ஆக்கின மாதிரி ஆயிருச்சு. கோழிக்குப் போட்டோம். கோழியும் யோசிச்சுத்தான் தின்னுச்சு.

அப்புறம் ஒரு நாள் புள்ளைக்குச் சளி. வாசல்ல உடைஞ்ச வாளியில கற்பூரவள்ளி வெச்சிருக்கேன். ரெண்டு இலையைப் பறிச்சு அடுப்புத் தீயில வாட்டிச் சாறு பிழியப் போறேன், அந்த வாசனை மேல வந்துச்சு பாருங்க. அப்படியே நின்னுட்டேன். ஓமம் மாதிரி, ஓமம் இல்ல. கற்பூரம் மாதிரி, கற்பூரம் இல்ல. வாசல்லயே இருந்திருக்கு. நான் ஊரெல்லாம் தேடியிருக்கேன். அன்னைக்குச் சந்தோசத்துல புள்ளைக்கு மருந்து கொடுக்க மறந்துட்டேன்னா நம்புவீங்களா?

பச்சையாப் போட்டா தண்ணி விடும். நிழல்ல பன்னெண்டு நாள் காயவிடணும். காயுறதுக்குள்ள உயிர் போயிரும், அவ்வளவு தடிச்ச இலை. அப்புறம் கையால நொறுக்கிக் கடைசியில தூவணும். அந்தச் சட்டி இறக்கின அன்னைக்கு எனக்கே தெரிஞ்சுபோச்சு, இதுதான்னு. நான் அமெரிக்காவையும் பாத்ததில்ல, அந்தச் சோத்தையும் தின்னதில்ல. ஆனாலும் தெரிஞ்சுச்சு.

இத்தனைக்கும் பக்கத்துல இருந்தது பிரகாசி மைனி. இவுகளோட அக்கா. அடுத்த தெருதான். மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம என் அடுப்படியில உக்காந்து இறால் உரிச்சுக் கொடுத்தாக. நல்ல கை, மடமடன்னு உரிப்பாக. வாய்தான் கொஞ்சம். "ஏட்டி, இது அடுப்படியா, பள்ளிக்கூடத்து லேபா?"ம்பாக. "ஒரு உழக்குச் சோத்துக்கு ஒம்பது டப்பா திறக்குதா பாரு"ம்பாக. நானும் சிரிப்பேன்.

போகப் போக வேற மாதிரிப் பேச ஆரம்பிச்சாக. "ரொம்ப மெனக்கெடாதட்டி ரென்சி. போறவன் போகத்தான் செய்வான். சோத்தைப் பாத்தா நிப்பான்?" இன்னொரு நாள் இறாலைக் கையில வெச்சுக்கிட்டே, "ஏட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னாக. "சொல்லுங்க மைனி, அதுக்கு முன்னாடி இந்த உப்பைப் பாருங்க"ன்னு கரண்டியை நீட்டினேன். உப்புப் பாத்தாக, சரியா இருக்குன்னாக, எந்திரிச்சுப் போயிட்டாக. தம்பிக்கு நான் நல்லா ஆக்கிப் போட்டு அவன் வீட்டோட இருந்துட்டா, தன் கை இறங்கிரும்னு அக்காவுக்கு இருக்காதா? எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே. நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

பக்குவம் கேட்டாக. "எனக்கும் சொல்லுட்டி, மருமகன் வந்தா ஆக்கிப் போடுதேன்." சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கற்பூரவள்ளியை மட்டும் சொல்லலை. அதுக்குப் பதிலா அரை ஸ்பூன் சோம்பு போடுங்கன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? எங்கம்மா ஊர்ல அதுதான்க்கா வழக்கம். யாராவது பக்குவம் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. பத்தைச் சொல்லிட்டு ஒண்ணைக் கைக்குள்ள வெச்சுக்குவாங்க. எங்கம்மா மீன் குழம்புல இன்னைக்கு வரைக்கும் என்ன போடுதுன்னு எனக்கே தெரியாது. அது பொய் இல்ல. ஒரு விளையாட்டுதான். மைனி ஆக்கிப் பாத்துட்டு வந்து, "என்னட்டி, உன்னுது மாதிரி வரலையே, கறிக்குழம்புல சோத்தைப் போட்ட மாதிரி இருக்கு"ன்னாக. "கைப்பக்குவம் மைனி"ன்னேன். உள்ளே போயி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

இன்னொரு காரியமும் செஞ்சேன். எங்க ஊர் முக்கு ரோட்டுல பஸ் நிக்கிற இடத்துல சந்தியாகு மாமாவோட கடை ரூம் ஒண்ணு பூட்டிக் கிடந்துச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில எவ்வளவு வண்டி போகுது, நீங்களே பாருங்க. ஏர்வாடி போறவங்க, ராமேஸ்வரம் போறவங்க. மத்தியானம் ஒரு சட்டிச் சோறு. ஒரே சோறு, வேற எதுவும் கிடையாது. அவுக ஆக்குவாக, நான் கூட நிப்பேன். மாமாகிட்டப் போயி, "வேற யாருக்கும் கொடுத்துராதீங்க, எங்க வீட்டுக்காரவுக வந்ததும் எடுத்துக்குவோம்"னு சொல்லிட்டேன். பெஞ்சுக்கு என்ன பெயின்ட் அடிக்கணும்னுகூட நினைச்சு வெச்சுட்டேன். கிளிப்பச்சை.

அவுககிட்டச் சொல்லலை. எதுக்கு முன்கூட்டியே? வந்து சோத்தைத் தின்னட்டும், வாய் மணக்க உக்காந்திருக்கும்போது சொல்லலாம்னு. மைனிகிட்ட மட்டும் சொன்னேன். அவுக இறால் தோலை எல்லாம் கூட்டி அள்ளிக்கிட்டு, "ஆண்டவரே"ன்னாக. அவ்வளவுதான்.

எங்க வீட்டுக்காரவுகளும் ஒரு நாள் வீடியோ கால்ல, "ரென்சி, ஒரு விசயம் சொல்லணும்"னு ஆரம்பிச்சாக. அன்னைக்குத்தான் அந்த இலை வாசனையைப் பத்திக் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். "இருங்க, முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க, அது கடைசியில போடுற இலையா, முதல்லயே போடுற இலையா?"ன்னேன். கடைசியிலதான்னாக. அப்புறம் சிக்னல் போயிருச்சு. அடுத்த தடவை என்ன விசயம்னு நான் கேக்கலை. முக்கியமா இருந்தா அவுகளே சொல்ல மாட்டாகளா?

வந்தாக. விமானத்துல இருந்து இறங்கி, ரயில் மாறி, காலையில வீட்டுவாசல்ல வந்து நின்னாக. ஜோவிட்டா முதல்ல என் பின்னாடி ஒளிஞ்சா, அப்புறம் அவுக தோள்ல ஏறினவ இறங்கவே இல்லை. எப்ப வந்தாலும் நாலு மாசம் இருப்பாக. நாலு மாசத்துல எவ்வளவு பேசலாம், எவ்வளவு செய்யலாம்னு மனசு பறக்குது எனக்கு.

முதல் ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வந்ததும் அடுப்பைப் பத்த வெச்சேன். பெரிய சட்டி. மைனி வந்தாக, வழக்கம்போல இறால் உரிச்சாக, ஆனா வாயே திறக்கலை. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். இவுக கூடத்துல பாய் விரிச்சு உக்காந்திருக்காக, மடியில புள்ள. சட்டியைத் தூக்கிட்டுப் போயி நடுவுல வெச்சு மூடியைத் திறந்தேன்.

அவுக முகத்தைப் பாக்கணுமே நீங்க. ஒரு வாய் வெச்சாக. மெல்லுறதை நிறுத்திட்டாக. இன்னொரு வாய். என்னைப் பாத்தாக. "ரென்சி"ன்னாக. கண்ணுல தண்ணி நிக்குது. உறைப்பான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுறாக.

"எப்படிட்டி? அதே வாசனை. அதே இலை. எங்க பிடிச்ச?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. நல்லாருக்கா இல்லையா?"

"அங்க அந்த அம்மா போட்டதைத் திங்கும்போது உன் இறால் சோறுதான் ஞாபகம் வந்துச்சு. அதனாலதான் அதையே பேசிக்கிட்டுக் கிடந்தேன். நீ என்னடான்னா அதையே ஆக்கி வெச்சிருக்க."

மூணு தட்டு. நான் எண்ணினேன். கிளிப்பச்சை பெஞ்சு என் கண்ணு முன்னாடி நிக்குது. இப்பச் சொல்லிரலாம், கடையைப் பத்தி இப்பச் சொல்லிரலாம்னு வாயைத் திறக்கிறேன். அவுக கையைக் கழுவிட்டு வந்து என் தலையில கையை வெச்சாக, அம்புட்டு ஆசையா. வெச்சுக்கிட்டு,

"ரென்சி, இந்த மசாலாவை மட்டும் எனக்குப் பொடியா இடிச்சுக் கொடுத்துரு. இது இருந்தாப் போதும், ஒம்பது மாசத்தைக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிருவேன்."

"எந்த ஒம்பது மாசம்?"ன்னேன்.

மைனி கை தட்டுலயே நின்னுபோச்சு. இவுக அக்காவைப் பாக்குறாக, அக்கா தம்பியைப் பாக்குறாக. அந்த நேரத்துல என் மக சொல்றா, வாயில சோத்தை வெச்சுக்கிட்டே, "பதினெட்டாம் தேதி அப்பா கப்பலுக்குப் போறாக. யம்மா, உனக்குத் தெரியாதா? எனக்கு வந்த அன்னைக்கே சொன்னாகளே. அம்மாகிட்டச் சொல்லாத, நான் சொல்லிக்கிடுதேன்னாக."

அஞ்சு வயசுப் புள்ளக்கா. அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு.

கப்பல்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்காக. பெரிய சமையக்காரராப் போடுறோம், உடனே திரும்பி வரணும்னு சொன்னாகளாம். மைனிக்கு மூணு மாசத்துக்கு முன்னாடியே தெரியும். "நீயே பக்குவமா எடுத்துச் சொல்லுக்கா"ன்னு தம்பி சொல்லியிருக்காக. மூணு மாசம்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் முன்னாடி உக்காந்து, எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கிட்டு, இறால் உரிச்சிருக்காக. கடையைச் சொன்னேனே, பெஞ்சுக்குப் பெயின்ட்டுச் சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?

கேட்டேன். நேராக் கேட்டேன். "சொல்ல வந்தேன்ட்டி, நீ கரண்டியை நீட்டின"ங்கிறாக. இவுககிட்டக் கேட்டா, "போன்ல சொல்ல வந்தேன், நீ இலையைப் பத்திக் கேட்ட"ங்கிறாக. இதெல்லாம் ஒரு பேச்சாக்கா? சொல்லணும்னு நினைச்சவுக கரண்டியையும் இலையையும் சாட்டிச் சொல்லாம இருப்பாகளா?

"சொன்னா நீ அழுவ, இருக்கிற நாள் சந்தோசமா இருக்கட்டும்னுதான் சொல்லலை"ன்னாக.

"நான் என்னைக்கு அழுதிருக்கேன்?"னு கேட்டேன்.

அப்புறம் கடை விசயத்தைச் சொன்னேன். அதுக்கு அவுகளுக்குக் கோவம் வந்துச்சே, பாக்கணும்! "என்னைக் கேக்காம எப்படி நீ மாமாகிட்டப் பேசுவ? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு. நல்லா இருக்கா? நான் மறைச்சதும் அவுக மறைச்சதும் ஒண்ணா? நான் நல்லதுக்குல்ல மறைச்சேன்.

சந்தியாகு மாமாகிட்ட நானே போயி வேண்டாம்னு சொன்னேன். இப்ப அங்க செல்போன் ரீசார்ஜ் கடை. நீல பெயின்ட்டு.

என்னால தாங்க முடியாதது எதுன்னு சொல்லட்டுமாக்கா? கப்பலுக்குப் போறது இல்ல. கப்பல்காரனைக் கட்டிக்கிட்டா கப்பலுக்குத்தான் போவான், எனக்குத் தெரியாதா? கட்டிப் போடணும்னு ஒரு கயித்தைத் திரிச்சேன். மூணு மாசம், நிழல்ல காயவெச்சு, புகையில காட்டி, கோழிக்குப் போட்டு, திரும்பத் திரும்பத் திரிச்சேன். அதையே எடுத்து, இது இருந்தாப் போதும் ஒம்பது மாசம் ஓட்டிருவேன்னு சொல்றாக. நான் வேண்டாம், பொடி போதும். அப்படித்தானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம், சொல்லுங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதோ உப்பளம் வந்துருச்சு, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பொடி இடிக்க மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாள்தான். மூணாம் நாள் அவுக புள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, ரெட்டைச் சடை கோணலாப் பின்னி விட்டுட்டு என்கிட்டக் காட்டுறாக. சிரிச்சுட்டேன். நான் சிரிச்சுட்டா அப்புறம் என்ன கோவம் நிக்கும்? மிளகாயைக் காயப் போட்டேன்.

எல்லாம் அளவாத்தான் போட்டிருக்கேன். ரெண்டு மிளகாய், மிளகு, காஞ்ச பூண்டு, பிரிஞ்சி இலை. உப்புக்கண்டம் தனியா. தாள்ல எழுதியும் வெச்சிருக்கேன், எத்தனை ஆளுக்கு எத்தனை ஸ்பூன்னு. கையெழுத்து நல்லாருக்கும் எனக்கு.

கற்பூரவள்ளியைப் போடலை.

காயவெச்சேன். அதையும் பன்னெண்டு நாள் காயவெச்சேன், அவுக கண்ணு முன்னாடியே காயவெச்சேன். "இதுதானா அது? நம்ம வாசல்ல உள்ளதா?"ன்னு ஆச்சரியப்பட்டாக. "இது சளிக்கு"ன்னுட்டேன். நொறுக்கித் தனியாக் கட்டி... இந்தா, இந்தப் பையோட பக்கவாட்டு ஜிப்புல. உங்களுக்கு வாசனை வந்துச்சுல்ல, அது பொடி இல்லக்கா, இதுதான்.

பஸ் ஏறுற வரைக்கும் நினைச்சேன், போற போக்குல கலந்துரலாம்னு. ஒரு பிடி, அவ்வளவுதானே. ஏறினப்பவும் நினைச்சேன். உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெளிவாச்சு.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. அவுகதான்.

ஆ, சொல்லுங்க. வந்துக்கிட்டு இருக்கேன், தருவைகுளத்துக்குக் கிட்ட. ஆமா. ஆமா, மைனிக்கு மல்லிகைப்பூவும் வாங்கிட்டு வாரேன். பொடியா? எடுத்துட்டேன். எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் போட்டுட்டேங்க, ஒண்ணு விடலை. சரி, வைக்கவா?

பாத்தீங்களா, குரலே எவ்வளவு சந்தோசம்.

ஒரு மாசம் போகட்டும். ஏதோ ஒரு கடல்ல நின்னுக்கிட்டு, சட்டியை இறக்கி வெச்சு, ஒரு வாய் வெச்சுட்டுப் போன் போடுவாக. "ரென்சி, எல்லாம் சரியா இருக்கு, ஆனா என்னமோ குறையுது"ம்பாக. என்ன குறையுதுன்னு நான் சொல்லுவேனா? கைப்பக்குவம்ங்க, அது இங்க இருக்குன்னு சொல்லுவேன். யோசிக்கட்டும். ராப்பகலா யோசிக்கட்டும். ஒம்பது மாசம் நாக்குல அந்த ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே இருக்கட்டும்.

ஒருவேளை குறையுறதே தெரியாமச் சாப்பிட்டாகன்னா... இல்லக்கா. தெரியும். கண்டிப்பாத் தெரியும். தெரியாம இருக்குமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?

கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு, உங்க ஊர்தான். இருங்க, இருங்க. வீட்டுல சின்னப்புள்ளைக இருக்குல்ல? இந்தாங்க, இந்தப் பொட்டலத்தை நீங்க கொண்டு போங்க. வெந்நியில ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தா சளி கரைஞ்சிரும். பிடிங்கக்கா, யோசிக்காதீங்க, என்கிட்ட இருந்தாத்தான் ஆபத்து.

இறங்குறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் சாய்ங்க. ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டுறேன். ஸ்டேசன்ல முதல்ல என் கையைத்தான் பிடிப்பாக, வாசனை இருக்கக் கூடாது.

ஊத்துங்க. போகலையே.

இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா.